பழைய பேக்கப்பிலிருந்து தொலைபேசி எண்களை மீட்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் யாருடைய கைப்பேசியிலாவது எண்கள் காணாமல் போனால், பெரும்பாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன் அல்லன். 2019ஆம் ஆண்டு என் அம்மாவின் எண்கள் முழுவதும் அழிந்து, அவற்றில் ஒரு பகுதியைப் பழைய நோக்கியா ஒன்றிலிருந்து மீட்ட நாள் முதல் இதைக் கற்றுக்கொண்டு வருகிறேன். அக்கம்பக்கத்தாரும் பினாங்கிலுள்ள உறவினர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். தொலைந்துவிட்டதாக நினைத்த எண்கள் பல வீடுகளில் இழுப்பறைக்குள் கிடக்கும் ஏதோ ஒரு பழைய பொருளில் பத்திரமாக இருந்திருக்கின்றன. மீட்க முடியாமல் போன இடங்களில், அவசரத்தில் யாரோ அழுத்திய ஒரு பொத்தான்தான் பெரும்பாலும் காரணமாக இருந்திருக்கிறது.

கேள்வி: எண்களைக் காணவில்லை என்று தெரிந்தவுடன் முதலில் என்ன செய்ய வேண்டும்?

இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் நிறுத்திவிட்டு, அதே கணக்கு இருக்கும் பழைய கைப்பேசி, டேப்லெட், மடிக்கணினி ஆகியவற்றையும் இணையத்திலிருந்து விலக்கி வையுங்கள். கூகுளும், ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐக்ளவுடும் எண்களை ‘சிங்க்’ செய்கின்றன. அதாவது ஒரு கருவியில் நடந்த மாற்றத்தை அதே கணக்குள்ள மற்ற எல்லாக் கருவிகளிலும் அப்படியே நடத்திவிடுகின்றன. ஒன்றில் சேர்த்தால் எல்லாவற்றிலும் சேரும். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும். அதனால்தான் சிங்க் செய்வதைப் பேக்கப் என்று எண்ணிவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இதை என் கண்ணெதிரே ஒரு முறை பார்த்தேன். எங்கள் மாடியில் இருக்கும் ஓர் அக்கா, கைப்பேசியில் எண்கள் போய்விட்டாலும் பழைய டேப்லெட்டில் எல்லாம் இருக்கின்றன என்று அதைக் கொண்டுவந்து காட்டினார். உண்மையிலேயே எல்லா எண்களும் இருந்தன. எனக்கு அனுப்பிவிடலாம் என்று அவர் வைஃபையைப் போட்டார். பட்டியலின் மேல் சின்ன வட்டம் ஒன்று சுழன்றது. அது நின்றபோது பட்டியல் வெறுமையாக இருந்தது. நல்ல வேளையாக, அழித்தவற்றை மீட்கக் கூகுள் கொடுக்கும் 30 நாள் கெடு தாண்டியிருக்கவில்லை என்பதால் அவற்றை மீட்டோம்.

எண்கள் இன்னும் இருக்கும் பழைய கருவி ஒன்று உங்களிடம் இருந்தால், அதை இணையத்தோடு சேர்க்காமலேயே, தொடர்புகள் செயலியில் இருக்கும் ‘எக்ஸ்போர்ட்’ வழியாக எல்லாவற்றையும் ஒரே விசிஎஃப் கோப்பாக (பெயர்களையும் எண்களையும் சேமிக்கும் கோப்பு வகை) எடுத்து, கேபிள் மூலம் கணினிக்கோ மெமரி கார்டுக்கோ மாற்றிவிடுங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: எண்கள் அழிந்துவிட்டனவா, வெறுமனே மறைந்திருக்கின்றனவா என்று எப்படி அறிவது?

இதைப் பாராமல் ரிஸ்டோர் (பேக்கப்பில் இருப்பதைக் கைப்பேசியில் மீண்டும் ஏற்றுவது) செய்யத் தொடங்கிவிடுபவர்களே அதிகம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் எண்கள் நான்கு இடங்களில் தங்கியிருக்கலாம்: சிம் அட்டை, கைப்பேசியின் சொந்த நினைவகம், கூகுள் கணக்கு, சாம்சங் அல்லது சியோமி போன்ற நிறுவனத்தின் கணக்கு. தொடர்புகள் செயலி இவற்றில் ஒன்றை மட்டும் காட்டும்படி அமைந்திருந்தால் மற்றவை கண்ணுக்குப் படா. செயலியின் பட்டியலில் ‘எல்லாத் தொடர்புகளும்’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஐஃபோனிலும் தொடர்புகள் செயலியின் மேல் இடப்பக்கத்தில் இருக்கும் ‘லிஸ்ட்ஸ்’ என்பதைத் தொட்டு எல்லாம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்ததாக, எத்தனை கூகுள் கணக்குகள் இருந்தன என்று நினைவுபடுத்திப் பாருங்கள். என்னிடம் வரும் வழக்குகளில் மிகுதியானவை இந்த வகையைச் சேர்ந்தவைதாம். புதிய கைப்பேசி வாங்கும்போது விற்பவர் விரைவாக வேலையை முடிப்பதற்காகப் புதிதாக ஒரு ஜிமெயில் முகவரியைத் தொடங்கிக் கொடுத்துவிடுகிறார்; வாங்கிய அம்மாவோ ஐயாவோ அதைக் கவனிப்பதில்லை; பழைய எண்களெல்லாம் பழைய ஜிமெயிலில் எந்தச் சேதமும் இல்லாமல் இருக்கின்றன. இதற்கு மீட்பு வேலை எதுவும் தேவையில்லை. பழைய கணக்கையும் புதிய கைப்பேசியில் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் எண்கள் வந்து நிற்கும்.

ஹுவாவே வைத்திருந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த தடைக்குப் பிறகு வெளிவந்த புதிய ஹுவாவே மாடல்களில் கூகுள் சேவைகள் இல்லை. ஆகவே அவற்றின் எண்களைக் கூகுளில் தேடாமல் ஹுவாவே கணக்கில் தேடுங்கள்.

கேள்வி: கூகுள் கணக்கில் இருந்த எண்களைத் தவறுதலாக அழித்துவிட்டேன். எத்தனை நாள்களுக்குள் மீட்கலாம்?

30 நாள்களுக்குள் மீட்கலாம். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஓரிரு பெயர்களை மட்டும் அழித்திருந்தால் கூகுள் தொடர்புகளில் உள்ள குப்பைத்தொட்டியைத் திறந்து அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் முழுவதும் குழம்பிவிட்டால், கணினியில் கூகுள் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, அமைப்புகளில் உள்ள ‘அன்டூ சேஞ்சஸ்’ மூலம் பட்டியலை ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த நிலைக்கே திருப்பலாம். அந்த நாளுக்குப் பிறகு நீங்கள் சேர்த்த எண்கள் இதனால் போய்விடும் என்பதால், இப்போதைய பட்டியலையும் முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசி கூகுள் டிரைவில் எடுத்து வைக்கும் பேக்கப்பை நம்பியிருப்பவர்களும் உண்டு. ஒரு கைப்பேசியை 57 நாள்கள் பயன்படுத்தாமல் விட்டால் அந்தப் பேக்கப் நீக்கப்படலாம். மேலும், கைப்பேசியின் சொந்த நினைவகத்தில் மட்டும் சேமித்த எண்கள், கருவித் தொடர்புகளைச் சேமிக்கும் வசதியை நீங்கள் இயக்கியிருந்தால் மட்டுமே கூகுளுக்குப் போகும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியிருக்கிறது என்பதால், பழைய ஜிமெயில் ஒன்றில் எண்கள் இருப்பதாக நினைவிருந்தால் இன்றைக்கே அதில் நுழைந்து பாருங்கள்.

கேள்வி: பழைய ஜிமெயிலின் கடவுச்சொல் மறந்துவிட்டது. என்ன செய்யலாம்?

கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் முயலுங்கள். ஆனால் எங்கிருந்து முயல்கிறீர்கள் என்பது முக்கியம். அந்தக் கணக்கை வழக்கமாகப் பயன்படுத்திய அதே கருவியிலிருந்து, அதே வீட்டு வைஃபையிலிருந்து முயன்றால் கூகுள் உங்களை அடையாளம் காண்பது எளிது. சுங்கை பட்டாணியில் இருக்கும் அம்மாவின் கணக்கை மகன் கோலாலம்பூர் அலுவலகக் கணினியிலிருந்து திறக்க முயன்று, பத்து முறை தோற்றுவிட்டு என்னிடம் வந்தார். அடுத்த வாரம் ஊருக்குப் போய் அம்மாவின் பழைய கைப்பேசியிலேயே முயன்றபோது முதல் முறையிலேயே திறந்தது. மீட்புக் குறியீடு பழைய எண்ணுக்கு வருமானால் அந்தச் சிம் இன்னும் பயன்பாட்டில் இருக்க வேண்டும். பணம் நிரப்பாமல் விட்ட பிரீபெய்ட் எண் காலாவதியாகிவிடும் என்பதால், கணக்கு கைக்கு வரும்வரை அந்த எண்ணுக்குப் பணம் நிரப்பி வையுங்கள்.

கேள்வி: ஐஃபோன் வைத்திருக்கிறேன். ஐக்ளவுடிலிருந்து எப்படி மீட்பது?

கணினியில் ஐக்ளவுட் தளத்தில் நுழைந்து ‘டேட்டா ரிகவரி’ என்னும் பகுதிக்குப் போனால், ‘ரிஸ்டோர் காண்டாக்ட்ஸ்’ என்பதன் கீழ்க் கடந்த 30 நாள்களில் எடுத்து வைக்கப்பட்ட பட்டியல்கள் நாள்வாரியாகத் தெரியும். எண்கள் காணாமல் போன நாளுக்கு முந்தையதைத் தேர்ந்தெடுங்கள். அது இப்போதைய பட்டியலை மாற்றிவிடும் என்றாலும், இப்போதைய பட்டியலையும் ஒரு பழம்பதிப்பாக எடுத்து வைத்த பிறகே மாற்றும்.

ஐக்ளவுட் பேக்கப் இருக்கிறதே, அதை ரிஸ்டோர் செய்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். எண்கள் ஐக்ளவுடோடு சிங்க் ஆகிக்கொண்டிருந்தால் அவை அந்தப் பேக்கப்புக்குள் சேர்க்கப்படுவதில்லை. கைப்பேசியை முழுவதும் அழித்து ரிஸ்டோர் செய்த பிறகும் எண்கள் வராமல் போவதற்கு இதுதான் காரணம். பேக்கப் எடுப்பதை நிறுத்திவிட்டால் கடைசிப் பேக்கப் 180 நாள்கள் வரைதான் இருக்கும்.

கேள்வி: பழைய கணினியில் ஐடியூன்ஸ் (ஐஃபோனைக் கணினியோடு இணைக்கும் ஆப்பிள் மென்பொருள்) பேக்கப் இருக்கிறது. அதிலிருந்து எண்களை மட்டும் எடுக்க முடியுமா?

முடியும், எனக்கு மிகவும் பிடித்த வழியும் இதுவே, ஏனென்றால் 30 நாள் கெடு எதுவும் இதற்கு இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த பேக்கப்பாக இருந்தாலும், வட்டு கெடாமல் இருந்தால் எண்களும் இருக்கும். ‘மொபைல்சிங்க்’ என்னும் கோப்புறைக்குள் ‘பேக்கப்’ என்னும் கோப்புறையைத் தேடுங்கள். விண்டோஸில் அது ஆப் டேட்டாவின் ரோமிங் பகுதியில் ஆப்பிள் கம்ப்யூட்டர் என்னும் பெயருக்குக் கீழே இருக்கும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஐடியூன்ஸ் நிறுவியிருந்தால் பயனர் கோப்புறையிலேயே ஆப்பிள் என்பதற்குள் இருக்கும். கண்டதும் அந்தக் கோப்புறையை அப்படியே வெளி வட்டு ஒன்றுக்கு நகலெடுங்கள். அந்தக் கணினியில் கைப்பேசியை மறுபடி செருகினால் புதிய பேக்கப் பழையதன்மேல் எழுதிவிடக் கூடும் என்பதால், நகலெடுத்து முடியும்வரை எதையும் செருகாதீர்கள்.

நேரடியான வழி, வீட்டில் இருக்கும் பழைய ஐஃபோன் ஒன்றைக் காலியாக்கி, அந்தப் பேக்கப்பை அதில் ரிஸ்டோர் செய்வது. இப்போது கையில் இருக்கும் கைப்பேசியில் அதைச் செய்யாதீர்கள். ரிஸ்டோர் என்பது இருப்பதை முழுவதும் மாற்றிவிடும். அந்த ஐஃபோனில் இருக்கும் ஐஓஎஸ் பதிப்பு, பேக்கப் எடுத்தபோது இருந்த பதிப்பைவிடப் பழையதாக இருந்தால் ரிஸ்டோர் நடக்காது. ரிஸ்டோர் முடிந்ததும் ஐக்ளவுட் கணக்கில் நுழையச் சொல்லும்; அதைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் எண்களை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். உடனே நுழைந்தால், ஐக்ளவுடில் இருக்கும் வெற்றுப் பட்டியல் வந்து அவற்றை மூடிவிடலாம்.

கூடுதல் ஐஃபோன் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பேக்கப்புக்குள் இருக்கும் கோப்புகளின் பெயர்கள் 40 எழுத்துகள் நீளமுள்ள குறியீடுகளாக இருக்கும். தொடர்பு எண்கள் அடங்கிய கோப்பு ‘31’ என்னும் உட்கோப்புறையில், ‘31பிபி7’ (31bb7) என்று தொடங்கும் பெயரில் இருக்கும். 2016க்கு முந்தைய பேக்கப் என்றால் உட்கோப்புறை இல்லாமல் நேரடியாகவே கிடைக்கும். அது எஸ்கியூலைட் வகைத் தரவுத்தளம். இலவசமாகக் கிடைக்கும் டிபி ப்ரௌசர் என்னும் மென்பொருளில் அதன் நகலைத் திறந்தால், ‘ஏபி பெர்சன்’ என்னும் அட்டவணையில் பெயர்களும் ‘ஏபி மல்டிவேல்யூ’ என்னும் அட்டவணையில் எண்களும் தெரியும். இரண்டையும் இணைப்பது வரிசை எண். முதல் முறை செய்பவருக்கு ஒரு மாலை நேரம் பிடிக்கும், ஆனால் பணம் எதுவும் செலவாகாது.

கேள்வி: அந்தப் பேக்கப் கடவுச்சொல் கேட்கிறது. நான் அமைத்ததாக நினைவே இல்லை.

பழைய கடவுச்சொற்கள் ஒவ்வொன்றையும், அந்தக் காலத்தில் பயன்படுத்திய கைப்பேசிப் பூட்டு எண்ணையும் முயன்று பாருங்கள். மேக் கணினி என்றால் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கீசெயினில் அது இருக்க வாய்ப்புண்டு. கைப்பேசியில் எல்லா அமைப்புகளையும் ரீசெட் செய்தால் இனிமேல் எடுக்கும் பேக்கப்புக்குப் புதிய கடவுச்சொல் வைக்கலாமே தவிர, பழைய பேக்கப்பை ஆப்பிள் நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

கேள்வி: பழைய நோக்கியாவில் இருந்த எண்களை இன்றும் எடுக்க முடியுமா?

முடியும். என் அம்மாவின் எண்களை அப்படித்தான் மீட்டேன். 2019இல் அம்மாவின் கைப்பேசியில் திரை ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று ஒரு கடையில் கொடுத்தேன். திரும்ப வாங்கியபோது திரை நன்றாக இருந்தது; உள்ளே எதுவும் இல்லை. என்னைக் கேட்காமலேயே ரீசெட் செய்திருந்தார்கள். அம்மாவின் எண்கள் எந்தக் கணக்கிலும் இல்லாமல், கைப்பேசியின் நினைவகத்தில் மட்டும் இருந்தவை. அம்மா என்னைத் திட்டவில்லை. “அஞ்சலை பெரியம்மா நம்பர் அதுலதான்பா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார்.

பட்டர்வொர்த் வீட்டைக் காலி செய்தபோது கொண்டுவந்த பிஸ்கட் டின்னில் அம்மாவின் பழைய நோக்கியா கிடந்தது. அதன் பேட்டரி உப்பியிருந்ததால் அதைச் சார்ஜ் செய்யவில்லை. உப்பிய பேட்டரியை யாரும் சார்ஜ் செய்யக் கூடாது. ஆனால் பேட்டரிக்குக் கீழே நகத்தளவு மெமரி கார்டு ஒன்று இருந்தது. அதைக் கணினியில் போட்டபோது, 2011இல் அம்மா தெரிந்தோ தெரியாமலோ எடுத்த பேக்கப் ஒன்று என்பிஎஃப் என்னும் கோப்பாக இருந்தது. நோக்கியாவின் சீரிஸ் 40 வகைக் கைப்பேசிகள் உருவாக்கும் இந்தக் கோப்பு, உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் கோப்புதான். நகல் ஒன்று எடுத்து, பெயரின் கடைசியில் இருக்கும் என்பிஎஃப் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தேன். கோப்புறைக்குள் கோப்புறையாகப் போனபின் ‘காண்டாக்ட்ஸ்’ என்பதற்குள் 63 சின்ன விசிஎஃப் கோப்புகள் இருந்தன, ஆளுக்கு ஒன்றாக. அவற்றில் ஒன்றை நோட்பேடில் திறந்தால் ஏழெட்டு வரிகள்தாம்: தொடக்க வரி, பதிப்பு 2.1 என்று ஒரு வரி, ஆங்கில எழுத்தில் ‘அஞ்சலை பெரியம்மா பிடபிள்யூ’ (பட்டர்வொர்த் என்பதன் சுருக்கம்) என்று ஒரு வரி, அதற்குக் கீழே 04 என்று தொடங்கும் வீட்டு எண்.

கணினியில் நோக்கியா பிசி சூட் மூலம் எடுத்த பேக்கப் என்பியூ என்னும் முடிவோடு இருக்கும். அதைத் திறக்க ‘என்பியூ எக்ஸ்ப்ளோரர்’ என்னும் இலவச மென்பொருள் இருக்கிறது. பேக்கப் எதுவும் கிடைக்காவிட்டால் கைப்பேசியையே உயிர்ப்பிக்க வேண்டியதுதான். பல நோக்கியா மாடல்களுக்குப் பொதுவான பிஎல்-5சி பேட்டரி இன்றும் கிடைக்கிறது. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங்கின் லோ யாட் பிளாசாவிலும், பினாங்கில் கொம்தாருக்குப் பக்கத்தில் உள்ள பிராங்கின் மாலிலும் கைப்பேசிக் கடைகள் நிறைய இருப்பதால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காலாவதியான சிம் அட்டையிலிருந்து எண்களை எடுக்கலாமா?

எடுக்கலாம். எண்கள் சிம்மின் சில்லுக்குள்ளேயே இருப்பதால், சேவை நின்றுபோன அட்டையும் அவற்றைக் காட்டும். யூஎஸ்பி சிம் ரீடரிலோ, அந்த அட்டை நுழையும் பழைய கைப்பேசியிலோ போட்டுப் பாருங்கள். பெரிய சிம்மைப் புதிய கைப்பேசிக்காக வெட்டாதீர்கள். சிம்மின் ‘பின்’ (PIN) எண்ணை மூன்று முறை தவறாக அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்கும் பியூகே எண்ணைப் பத்து முறை தவறாக அழுத்தினால் அட்டை நிரந்தரமாகப் போய்விடும்.

சிம்மில் இருப்பவை குறைப்பட்ட பதிவுகளாக இருக்கும் என்பதையும் எதிர்பாருங்கள். பொதுவாக 250 பெயர்கள் வரைதான் அதில் கொள்ளும். பெயருக்கான இடமும் மிகச் சிறியது. ஒருவருடைய அட்டையில் ‘செல்வி அக்கா’ என்று நான்கு பதிவுகள் இருந்தன. எந்தச் செல்வி என்று சொல்லும் ஊர்ப்பெயர் நான்கிலும் வெட்டுண்டு போயிருந்தது. ஐஃபோன் எண்களைச் சிம்மில் சேமிப்பதில்லை. ஆனால் சிம்மில் இருப்பவற்றை அமைப்புகளின் வழியாக உள்ளே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: விசிஎஃப் கோப்பைத் திறந்தால் சமக்குறியும் எழுத்துக் குப்பையுமாக இருக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பெரும்பாலும் பழைய 2.1 பதிப்பில்தான் எக்ஸ்போர்ட் செய்கின்றன. அந்தப் பதிப்பில் ஆங்கிலம் அல்லாத பெயர்கள் ஒவ்வொரு பைட்டாகப் பிரிக்கப்பட்டு, சமக்குறியும் இரண்டு குறிகளுமாக எழுதப்படும். ‘அம்மா’ என்னும் பெயர் கணினிக் கணக்கில் ஐந்து குறிகள்; ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள்; ஆக, அந்த ஒரு சொல் கோப்பில் 45 எழுத்துகளாக நீண்டு கிடக்கும். நோட்பேடில் பார்ப்பவருக்குக் குப்பையாகத் தெரிவது, கைப்பேசியிலோ கூகுள் தொடர்புகளிலோ இறக்கியவுடன் தமிழாகவே வந்து நிற்கும்.

எக்செலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. சிஎஸ்வி கோப்பை (எண்களை அட்டவணையாக வைக்கும் எளிய எழுத்துக் கோப்பு) எக்செலில் நேரடியாகத் திறந்தால் 012 என்று தொடங்கும் எண்ணின் முதல் பூஜ்யம் விழுந்துவிடும். தமிழ்ப் பெயர்கள் சிதையக் கூடும். நாட்டுக் குறியீட்டோடு எழுதிய 011 எண்ணுக்கு 12 இலக்கங்கள் என்பதால், அது 6.01 என்று தொடங்கி ‘ஈ+11’ என்று முடியும் அறிவியல் குறியீடாகத் தெரியும். அப்படியே சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் திரும்பவே வாரா. பார்க்க வேண்டுமென்றால் நகலைத் திறந்து பாருங்கள், சேமிக்காமல் மூடுங்கள்.

கேள்வி: திரை உடைந்த கைப்பேசியிலிருந்து எப்படி எடுப்பது?

படம் தெரிந்து தொடுதல் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கைப்பேசியில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் மூலம் சாதாரண யூஎஸ்பி மவுஸைச் செருகிப் பூட்டைத் திறக்கலாம். படமே தெரியாவிட்டால் திரையை மாற்றுவதுதான் வழி. கொடுக்கும்போது ரீசெட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது போதாது என்பதை நான் அனுபவத்தில் அறிந்தேன்.

கேள்வி: ரீசெட் செய்த கைப்பேசியிலிருந்தும் எண்களை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஐஃபோனை அழிக்கும்போது உள்ளிருக்கும் தரவைத் திறக்கும் சாவியே அழிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டிலும் இப்போதைய கைப்பேசிகள் தரவைக் குறியாக்கம் செய்தே வைப்பதால் ரீசெட்டுக்குப் பின் மிஞ்சுவது படிக்க முடியாத குறிகளின் குவியல்தான். பேக்கப் இருந்தால் மீட்கலாம். இல்லாத பேக்கப்பை எந்த மென்பொருளும் உருவாக்காது. அந்த மென்பொருள் கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தால் வங்கிச் செயலி வரை ஆபத்து வரும்.

கேள்வி: பேக்கப்பே இல்லை. வாட்ஸ்அப்பிலிருந்து எடுக்க முடியுமா?

நம் பள்ளிகளில் புலனம் என்று சொல்லும் வாட்ஸ்அப்பின் அரட்டைப் பேக்கப்பில் கைப்பேசியின் தொடர்புப் பட்டியல் இருக்காது. ஆனால் பழைய உரையாடல்கள் இருந்தால் எண்கள் அங்கே நிற்கும். குழுக்களில் உறுப்பினர்களின் எண்ணும், அவர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பெயரும் தெரியும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் பால்குடம் எடுப்பதற்காக என் தம்பி குடும்பத்தார் தொடங்கிய ஒரு குழுவிலிருந்து மட்டும், மறந்தே போயிருந்த பதினொரு உறவினர்களின் எண்கள் கிடைத்தன. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்புக் குழு என்று பழைய குழு எதிலிருந்தும் எண்களை எடுத்து முடிக்காமல் வெளியேறிவிடாதீர்கள்.

கேள்வி: தந்தை காலமாகிவிட்டார். அவருடைய கைப்பேசியைத் திறக்க முடியவில்லை. உறவினர்களுக்குச் சொல்ல எண்கள் வேண்டும்.

இந்த நேரத்தில் கடைக்கு ஓடிப் பூட்டை உடைக்கச் சொல்லாதீர்கள். பூட்டை நீக்குவதற்குப் பெரும்பாலும் உள்ளே இருப்பதையும் அழித்தே ஆக வேண்டும். அவருடைய சிம் அட்டையை வெளியே எடுத்து வேறொரு கைப்பேசியில் போட்டால் அதில் சேமித்த எண்கள் தெரியலாம். கூகுள் கணக்கின் மீட்புக் குறியீடும் அந்த எண்ணுக்கு வரலாம். அவருடைய மடிக்கணினியில் ஜிமெயில் திறந்தபடியே இருந்தால், கூகுள் தொடர்புகள் பக்கத்தில் எல்லா எண்களும் இருக்கக் கூடும். கருமக்கிரியைக்குச் சொல்லியனுப்ப வேண்டிய அவசரத்தில் இந்த வழிகளே விரைவானவை. அந்த எண்ணின் சேவையை உடனே நிறுத்திவிடாதீர்கள்.

ஐஃபோனில், உயிரோடு இருக்கும்போதே ஒருவரை ‘லெகஸி காண்டாக்ட்’ ஆக நியமிக்கும் வசதி 2021 டிசம்பரில் வந்தது. நியமிக்கப்பட்டவர் தம்மிடம் உள்ள அணுகல் சாவியையும் இறப்புச் சான்றிதழையும் காட்டி, ஐக்ளவுடில் உள்ள தொடர்புகளைப் பெறலாம். வயதான பெற்றோர் இருப்பவர்கள் இதை அவர்களோடு உட்கார்ந்து செய்து வையுங்கள். கேட்பதற்குத் தயக்கமாக இருந்தாலும் கேளுங்கள்.

கேள்வி: எண்கள் கிடைத்துவிட்டன. இவை பத்தாண்டுக்கு முந்தையவை, இன்னும் பயன்படுமா?

நீங்கள் எண்ணுவதைவிட அதிகமாகவே பயன்படும். மலேசியாவில் 2008 முதல் எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ள முடியும் என்பதால், பலரும் பழைய 012, 016, 019 எண்களையே வைத்திருக்கிறார்கள். கைவிடப்பட்ட எண் வேறொருவருக்குப் போயிருக்கவும் கூடும். ஆகவே மொத்தமாகச் செய்தி அனுப்பாமல் ஒவ்வொருவராக அழைத்து, எடுத்தவர் யார் என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள். ஒரே ஆளின் எண் 012 என்றும் +6012 என்றும் இரண்டு பதிவாக இருந்தால், கூகுள் தொடர்புகளில் உள்ள ஒன்றிணைக்கும் வசதியால் அவற்றை ஒன்றாக்கலாம்.

பெயர் தெரியாத எண்ணிலிருந்து “நான்தான், நம்பர் மாத்திட்டேன்” என்று அழைத்துப் பணம் கேட்கும் மோசடிக்காரர்களுக்கு, எண்களை இழந்தவர்கள் எளிதில் சிக்கிவிடுகிறார்கள். மீட்ட பட்டியலில் இருக்கும் பழைய எண்ணுக்கு அழைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டிருந்தால் தாமதிக்காமல் 997 என்னும் தேசிய மோசடி எதிர்ப்பு எண்ணுக்கும் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள்.

அம்மாவின் 63 எண்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து வரிசையாக அழைத்தோம். 41 எண்கள் ஒலித்தன. பட்டர்வொர்த் வீட்டு எண்ணை எடுத்தவர் அஞ்சலை பெரியம்மாவின் பேத்தி. “பாட்டி, செந்தூல்ல இருந்து ஃபோன்” என்று அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தது எனக்கும் கேட்டது.